வலியில்லாத வீக்கம்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் வீரலட்சுமியின் இடது முழங்கால் மறுபடி வீங்கியது. காசிராஜன் அவளை இரண்டு கையிலும் ஏந்தி வந்து ஜீப்பின் முன்சீட்டில் உட்கார வைத்தான். போடி சந்தைப்பேட்டை முக்கில் விடியலில் வண்டிக்காக நின்ற பெண்கள் அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். அன்னக்கொடியும் பார்த்தாள். அதுவரை அந்த முன்சீட்டு அவளுடையது.

யாரும் கொடுத்த உரிமை இல்லை. ஜீப்பை ஓட்டுகிற காசிராஜன் அவளுடைய கொழுந்தன், புருஷன் மலைச்சாமியின் கூடப்பிறந்த தம்பி. மூத்த மருமகள் என்பதால் அவள் முன்னால், மற்றவர்கள் பின்னால். வீரலட்சுமி காசிராஜனைக் கட்டி வந்த புதிதில், "அக்கா முன்னால இருக்கட்டும்" என்று தானாகவே பின்பக்கம் ஏறிக்கொண்டவள்தான்.

"மதினி, இன்னிக்கு மட்டும் பின்னால ஏறிக்கங்க. இவளுக்குக் காலை மடக்க முடியல" என்றான் காசிராஜன்.

"அதுக்கென்ன தம்பி, உக்காரட்டும்" என்றாள் அன்னக்கொடி.

பின்னால் ஏற வேண்டுமென்றால் ஒரு காலைக் கம்பியில் வைத்து மறுகாலால் உந்த வேண்டும். உந்தும்போது அவளுடைய வலது முட்டிக்குள் மணலை வைத்து அரைத்தது போல ஒரு சத்தம் வந்தது. அது வருஷக்கணக்காக வருகிற சத்தம். மேலே இருந்த கருப்பம்மாள் கையைப் பிடித்து இழுத்துவிட்டாள். மழைக்குப் போர்த்துகிற சாக்குக் கொங்காணியும் தூக்குச்சட்டியும் மடியுமாகப் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். காலை நீட்ட இடமில்லை. முந்தல் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் ஒவ்வொரு வளைவிலும் உடம்புகள் ஒருபக்கமாகச் சாய்ந்து மற்றப் பக்கமாக எழுந்தன. ஒவ்வொரு சாய்விலும் முட்டி இடித்தது.

முன்னால் கண்ணாடி வழியாக வீரலட்சுமியின் பின்னங்கழுத்து தெரிந்தது. காசிராஜன் ஒரு கையால் வண்டியை ஓட்டிக்கொண்டு, மறுகையால் தன் துண்டை மடித்து அவள் காலுக்கடியில் வைப்பதும் தெரிந்தது.

"கொடுத்து வச்சவ" என்றாள் கருப்பம்மாள்.

போடிமெட்டில் மேகம் ரோட்டின்மேல் படுத்திருந்தது. எதிரே வருகிற லோடு லாரியின் விளக்கு மஞ்சளாகக் கரைந்து வந்தது.

ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தூரில், மண்ணோடு மண்ணாக ஓடுகிற சரத்தில் காய்க்கும். அதனால் ஏலக்காட்டுச் சோலி முழுக்க முட்டிச் சோலிதான். ஒரு தூரிலிருந்து அடுத்த தூருக்குக் குந்தியபடியே நகர வேண்டும். சருகு மக்கிய ஈர மண்ணில் முட்டியை ஊன்றி, பிஞ்சை விட்டு, விளைந்த காயை மட்டும் விரலால் பார்த்துக் கிள்ள வேண்டும். மேலே மரநிழல், கீழே அட்டை. காலில் புகையிலைத் தண்ணியைத் தேய்த்திருந்தாலும் மழைக்கு அது அரைமணி நேரம் தாங்காது. அன்னக்கொடி பதினாறு வயசில் இந்தக் காட்டுக்குள் வந்தவள். இப்போது மகளைத் தேவாரத்தில் கட்டிக்கொடுத்துப் பேரன் பார்த்துவிட்டாள். குந்துவதற்கு முன்னால் ஒரு மூச்சு, எழுவதற்கு முன்னால் ஒரு மூச்சு என்று பழகிவிட்டது. எழும்போது ஏலச்செடியின் தட்டையைப் பிடித்துக்கொள்வாள். யாராவது பார்த்தால் அட்டையைப் பிடுங்குகிறவள் போலக் குனிந்துகொள்வாள்.

அன்றைக்குக் கங்காணி கோட்டைச்சாமி வீரலட்சுமியின் காலைப் பார்த்துவிட்டு, "நீ காட்டுக்குள்ள போகாண்டாம்த்தா. ஸ்டோர்ல உக்காந்து தூசி பொறுக்கு" என்றார். எல்லைப் பக்கத்து எஸ்டேட்டில் காலம் தள்ளியதால் அவர் பேச்சில் மலையாளம் ஏறியிருந்தது.

ஸ்டோர் என்பது காய் உலர்த்துகிற கட்டடம். கீழே அடுப்பில் விறகு எரிய, சூடு குழாய் வழியாக மேலே போய்ப் பச்சைக் காயை உலர்த்தும். அந்த அடுப்பைப் பார்த்துக்கொள்கிறவன் மலைச்சாமி. வாரத்தில் ஆறு நாள் அங்கேயே தங்கி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் போடிக்கு இறங்கி வருவான். அதிகம் பேச மாட்டான். நெருப்போடு இருந்து இருந்து அவனுக்கு மனுஷர்களோடு பேச ஒன்றும் இல்லாமல் போய்விட்டது என்று அன்னக்கொடி நினைத்துக்கொள்வாள்.

சாயங்காலம் காய்ச்சாக்கைச் சுமந்துகொண்டு நனைந்து ஸ்டோருக்கு வந்தபோது, வீரலட்சுமி அடுப்பு வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கையில் பாலில்லாத கட்டன் சாயா. மலைச்சாமி விறகைத் தள்ளிக்கொண்டே, "சூடு போதுமா, இன்னும் கொஞ்சம் இங்கிட்டு வாறியா" என்று அவளைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

தன் புருஷன் ஒரே மூச்சில் இத்தனை வார்த்தை பேசி அன்னக்கொடி கேட்டு வருஷங்கள் ஆகியிருந்தன.

"அக்கா, நனைஞ்சுட்டீகளே. வாங்க, இப்படி உக்காருங்க" என்று வீரலட்சுமி நகர்ந்தாள்.

"எனக்கென்ன, நான் நல்லாத்தான இருக்கேன்" என்று சாக்கை இறக்கினாள் அன்னக்கொடி. "உனக்கு வலி எப்படி இருக்கு?"

"வலியே இல்லக்கா. அதான் அதிசயமா இருக்கு. கனமா, நீர் கோத்த மாதிரி இருக்கு, அம்புட்டுத்தான்."

வலியே இல்லை. அந்தச் சொல் அன்னக்கொடியின் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. வலியே இல்லாதவளுக்கு முன்சீட்டு, அடுப்படி, சாயா. அன்று திரும்பி வந்து சோளச்சோறும் கருவாட்டுக் குழம்பும் ஆக்கி இறக்குகிற வரைக்கும் அதையே மென்றுகொண்டிருந்தாள். இரண்டு குடும்பத்துக்கும் ஒரே அடுப்பு. வீரலட்சுமியின் பையன்கள் இரண்டு பேரும் சின்னமனூரில் அவள் அம்மா வீட்டிலிருந்து படித்தார்கள். வீட்டில் மூன்றே பேர். காசிராஜன் வெந்நீரில் துணியை முக்கிப் பிழிந்து பெண்டாட்டியின் முட்டிக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தான். அந்த வெந்நீரைப் போட்டுக் கொடுத்தவள் அன்னக்கொடி.

போடி டாக்டர் இரண்டாவது தடவையாக ஊசி போட்டு முட்டியிலிருந்து நீரை உறிஞ்சினார். அன்னக்கொடிதான் கூட இருந்து காலைப் பிடித்துக்கொண்டாள். விளக்கெண்ணெய் நிறத்தில் குழாய் நிறைய வந்தது. சீழ் இல்லை, ரத்தம் இல்லை. டாக்டர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முட்டியை நாலு பக்கமும் அமுக்கினார். பஞ்சு மூட்டையை அமுக்கியது போல உள்ளே போய் மெதுவாக மேலே வந்தது.

"ரெண்டு தடவை எடுத்தும் ரொம்புதுன்னா உள்ள ஏதோ இருக்கு" என்றார். "வாதமா இருக்கலாம். டி.பி.யாக்கூட இருக்கலாம். வேற ஏதாவது கட்டியா இருக்கலாம். இங்க வச்சுச் சொல்ல முடியாது. மதுரைக்குப் போயி எலும்பு டாக்டரப் பாருங்க."

மறுநாள் காட்டுக்குள் மழை விட்டிருந்தது. இரண்டு தூர் தள்ளிக் குந்தியிருந்த கருப்பம்மாள், "உன் ஓரகத்திக்கு என்னவாம்?" என்று கேட்டாள்.

அன்னக்கொடி ஒரு சரத்தைத் தூக்கிப் பார்த்தாள். டாக்டர் மூன்று சொன்னார். அவள் ஒன்றை எடுத்தாள். அவர் 'இருக்கலாம்' என்றுதான் சொன்னார். அந்த 'லாம்'மை அவள் போடியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"டி.பி.யாம்" என்றாள்.

"முட்டியிலயா?"

"எங்க வேணாலும் வருமாம்."

சொல்லி முடித்ததும் உடம்பு லேசானது போல இருந்தது. பிறகு பயம் வந்தது. யாரிடமும் சொல்லாதே என்று கருப்பம்மாளிடம் சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை.

வாரம் முடிவதற்குள் ஜீப்பில் வீரலட்சுமியின் முன்சீட்டை ஒட்டி உட்கார ஆளில்லாமல் போனது. ஸ்டோரில் வீரலட்சுமி குடித்த தம்ளரைத் தனியாகக் கவிழ்த்து வைத்தார்கள். கோட்டைச்சாமி காசிராஜனைத் தனியே கூப்பிட்டு, "காய் தொட்டுப் பொறுக்குற சோலி பாரு. ஆளுக பேசுது. சீக்கு மாறட்டும், பின்னே கொண்டா" என்று சொல்லிவிட்டார். காசிராஜன் அன்றைக்கு வண்டியை இறக்கிய விதத்தில் பின்னால் இருந்தவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு சாமி பேர் சொன்னார்கள்.

வீரலட்சுமி வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். ராத்திரிச் சோற்றைத் தனித்தட்டில் போடவா என்று அன்னக்கொடிக்கு ஒரு கணம் தோன்றியது. அது டி.பி.தான் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் தன் வாயால் சொன்னதைத் தானே கொஞ்சம் நம்ப ஆரம்பித்திருந்தாள்.

"மதினி, மதுரைக்கு நீங்க கூடப் போகணும்" என்றான் காசிராஜன். "பொம்பளை வார்டுல ஆம்பளை தங்க முடியாது. நான் விட்டுட்டு வந்துருவேன். வண்டியை நிறுத்த முடியாதில்ல."

"அவ அம்மாவை வரச்சொல்லக் கூடாதா?"

"அவதான் உங்களை வரச்சொல்றா."

போடி ரயிலில் மதுரைக்குப் போனார்கள். தேனியில் ஏறிய கூட்டத்தில் வீரலட்சுமியின் கால் இடிபடாமல் இருக்க காசிராஜன் குறுக்கே நின்றுகொண்டே வந்தான். அன்னக்கொடி ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, வைகையில் செம்மண் தண்ணீர் போவதைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவளுடைய முட்டிக்குக் குறுக்கே நிற்க யாரும் இல்லை.

பெரிய ஆஸ்பத்திரி. நீளமான வார்டு. கட்டிலில் வீரலட்சுமி, கட்டிலுக்குக் கீழே பாயில் அன்னக்கொடி. எலும்பு டாக்டர் நடுத்தர வயசுக்காரர், மெதுவாகப் பேசுகிறவர். மறுபடி நீர் எடுத்துப் பார்த்தார்கள். படம் பிடித்தார்கள். நெஞ்சையும் படம் பிடித்தார்கள். ரத்தம் எடுத்தார்கள்.

"நீருல கிருமி எதுவும் இல்ல" என்றார் டாக்டர். "நெஞ்சு சுத்தமா இருக்கு. எலும்பு லேசாத் தேஞ்சிருக்கு, அது இந்த வீக்கத்துக்குக் காரணம் இல்ல. முட்டிக்குள்ள சுத்திவர ஒரு சவ்வு உண்டு. கோளாறு அதுலதான். தெறந்து பாத்தாத்தான் சொல்ல முடியும். சம்மதமா?"

வீரலட்சுமி அன்னக்கொடியைப் பார்த்தாள்.

"பாருங்க சாமி" என்றாள் அன்னக்கொடி.

அன்று முதல் வெள்ளைக் கோட்டுப் பிள்ளைகள் கும்பல் கும்பலாக வந்தார்கள். டாக்டருக்குப் படிக்கிறவர்கள். ஒருவர் மாற்றி ஒருவர் வீரலட்சுமியின் முட்டியை அமுக்கி, தங்களுக்குள் பேசி, "வலிக்குதாம்மா, எப்ப இருந்துங்க, மடக்குனா எப்படி இருக்கு" என்று கேட்டார்கள். பக்கத்துக் கட்டில்காரிகள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். வீரலட்சுமி கூச்சத்தோடு பதில் சொன்னாள். கட்டிலுக்குக் கீழே இருந்தவளைச் சுற்றிக்கொண்டு அந்தப் பிள்ளைகள் நடந்தார்கள். ஒருத்தி, "கொஞ்சம் நகருங்கம்மா" என்றாள். அன்னக்கொடி கட்டில் காலைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து, சுவரோரமாகப் போய் நின்றாள். வலிக்குதா, எப்ப இருந்து, மடக்குனா எப்படி. ஒவ்வொரு கேள்விக்கும் அவள் மனசுக்குள் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். வலிக்குது. மகள் பெறந்ததுல இருந்து. மடக்குனா உயிர் போகுது.

அறுவை முடிந்த அன்று நர்ஸ் வந்து, "வீரலட்சுமி கூட வந்தது யாரு? டாக்டர் கூப்பிடறாரு" என்றாள்.

டாக்டர் ஒரு வெள்ளைத் தட்டை நீட்டினார். "பயப்படாதீங்க. பாக்குறீங்களா?"

அன்னக்கொடி பார்த்தாள். ஏதோ கறுப்பாக, அழுகலாக இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தாள். மஞ்சளாக, பளபளவென்று, சின்னச் சின்ன விரல்களாக, கொத்துக் கொத்தாக இருந்தது. ஒரு தண்டிலிருந்து கிளை, அந்தக் கிளையிலிருந்து இன்னொரு கிளை. கோயிலில் கிடாய் வெட்டும்போது குடலைச் சுற்றி எடுப்பார்களே, அந்த நிறம்.

"கொழுப்பா சாமி?"

"அப்படித்தான் தெரியுது. பரிசோதனைக்கு அனுப்புறோம். வந்ததும் உறுதியாச் சொல்றேன்."

முடிவு வருவதற்குச் சில நாள் ஆனது. வீரலட்சுமியின் கால் மாவுக்கட்டுப் பலகையில் நீட்டியிருந்தது. அன்னக்கொடி அவளுக்கு முகம் துடைத்தாள், தலை சீவினாள், கழிப்புச் சட்டியை எடுத்தாள், கஞ்சி ஊட்டினாள். மனசுக்குள் என்ன இருந்தாலும் கை தன் சோலியைச் செய்தது. காசிராஜன் ஞாயிற்றுக்கிழமை வந்து சாத்துக்குடி கொடுத்துவிட்டுப் போனான். மலைச்சாமி வரவில்லை. சீசன் உச்சத்தில் அடுப்பை விட்டு வர முடியாது என்று சொல்லியனுப்பியிருந்தான்.

பரிசோதனை முடிவு வந்த அன்று டாக்டர் தனியாக வரவில்லை. பின்னால் பெரிய டாக்டர்கள், பிள்ளைகள், நர்சுகள். கட்டிலைச் சுற்றி வேலி கட்டியது போல நின்றார்கள்.

"டி.பி. இல்ல, புத்துநோய் இல்ல" என்று முதலில் வீரலட்சுமியிடம் சொன்னார். "முட்டியோட உள்சவ்வுல கொழுப்பு சேந்து மரம் மாதிரி கெளை விட்டு வளந்திருக்கு. தேஞ்ச முட்டியில அபூர்வமா வரும். அதுதான் நீரைச் சுரந்துக்கிட்டே இருந்துச்சு. முழுசா எடுத்தாச்சு. அநேகமா இனி வராது." பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பி அதன் பெயரைச் சொன்னார். லிப்போமா என்று தொடங்கி நீளமாகப் போனது. வீரலட்சுமிக்கு லிப்பம்மா என்று கேட்டது. "புஸ்தகத்துல படிச்சிருக்கேன். கண்ணால பாக்குறது எனக்கே இதுதான் முதல் தடவை."

பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். ஒருவன் தழும்பைப் படம் எடுத்தான். பக்கத்துக் கட்டில்காரி கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள்.

அன்னக்கொடிக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை. டாக்டரே பார்க்காத சீக்கு. அதுவும் இவளுக்கு. வந்தாலும் ஊருக்கு ஒருத்தி என்று வந்திருக்கிறது. வலியும் இல்லாமல் வந்து, போகவும் போய்விட்டது.

கூட்டம் கலைந்தது. டாக்டர் கடைசியாக நகரும்போது அன்னக்கொடி வழியை மறித்து நின்றாள். அவள் யாரிடமும் எதுவும் கேட்டுப் பழகாதவள்.

"சாமி, எனக்கும் முட்டியில கோளாறு. ரொம்ப நாளா. ஒருக்காப் பாருங்க."

டாக்டர் நின்றார். அவளைக் கட்டில் ஓரத்தில் உட்காரச் சொன்னார். சேலையை முட்டி வரை ஏற்றியபோது அவளுக்கு வெட்கமாக இல்லை. அந்த மஞ்சள் மரம் தனக்குள்ளும் இருக்க வேண்டும் என்று அவள் அந்த நேரத்தில் வேண்டிக்கொண்டாள். தெய்வத்திடம் இப்படி ஒன்றைக் கேட்கிறோமே என்ற நினைப்புகூட வரவில்லை. தனக்கும் கிளை விட்டிருக்க வேண்டும், இவளுடையதைவிடப் பெரியதாக இருக்க வேண்டும், வெள்ளைக் கோட்டுப் பிள்ளைகள் திரும்பி ஓடி வர வேண்டும்.

டாக்டர் முட்டியில் உள்ளங்கையை வைத்து மடக்கி நீட்டினார். அந்தச் சத்தம் அவருக்கும் கேட்டது. இரண்டு பக்கமும் அமுக்கினார். நீர் இல்லை. பஞ்சு இல்லை.

"குந்தி வேலை செய்வீங்களா?"

"ஏலக்காட்டுல."

"தேய்மானம்மா. உங்க மாதிரி வேலை செய்யிற எல்லாருக்கும் வர்றதுதான். இதுக்கு அறுவை எல்லாம் இல்ல. வலி மாத்திரை எழுதித் தர்றேன். குந்தி உக்காராதீங்க. முட்டியை ஊன்றாதீங்க. மலை ஏறி எறங்குறதைக் குறைச்சுக்கங்க."

"சரிங்க சாமி" என்றாள் அன்னக்கொடி.

அவர் போன பிறகும் அவள் சேலையை இறக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். எல்லாருக்கும் வர்றது. கருப்பம்மாளுக்கும் இருக்கும், காட்டில் கூடக் குந்துகிற ஆயம்மாளுக்கும் இருக்கும். அவள் இத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வைத்த வலி, ஜீப்பு நிறையப் போய்வருகிற வலிதான். கண்ணில் நீர் முட்டியது.

"எத்தனை வருஷமாக்கா?" என்றாள் வீரலட்சுமி.

அன்னக்கொடி திரும்பினாள். வீரலட்சுமி தலையணையில் சாய்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் கல்யாணத்துக்கு முன்னால இருந்து."

"அப்ப எனக்கு வெந்நி தூக்கிட்டு வந்தப்பல்லாம் வலியோடதான் வந்தீகளா?"

"வேற எப்படி வர்றது."

"ஏன் சொல்லல?"

"யாரு கேட்டா?" குரல் கொஞ்சம் ஓங்கிவிட்டது. பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் பார்த்தாள். அன்னக்கொடி குரலைத் தாழ்த்தினாள். "உனக்கு வலியில்ல, ஆனா ஊரே கேக்குது. அவுக கூடக் கேக்குறாக. கட்டுன எனக்கு ஒரு நாளாவது சாயா போட்டுக் குடுத்திருப்பாகளா? அந்த வயித்தெரிச்சல்லதான் சொன்னேன். டி.பி.ன்னு நாந்தான் சொன்னேன்."

"தெரியும். டாக்டர் சொன்னப்ப கூட இருந்தது நீங்கதான."

அன்னக்கொடி சேலையை முட்டிக்குக் கீழே இழுத்துவிட்டாள்.

"தெரிஞ்சுமா என்னையக் கூட்டியாந்த?"

"தெரிஞ்சதாலதான். எங்கம்மா வந்து பாத்துட்டுப் போயி, எம் மகளுக்கு டி.பி. இல்லன்னு சொன்னா ஊரு நம்புமா? பெத்தவ அப்படித்தான் சொல்லுவான்னு போயிரும். சொன்ன வாயே கண்ணால பாத்துட்டுச் சொன்னா நம்பும்." வீரலட்சுமி சேலை முனையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இதையெல்லாம் யோசிச்சுத்தான் படுத்துக் கெடந்தேன். வேற என்ன சோலி எனக்கு? என்னைத் தூக்கிட்டே திரியிறாரு, செத்த பொணத்தைத் தூக்கிட்டுப் போற மாதிரி. நீங்க சாக்கைத் தூக்கிக்கிட்டு விறுவிறுன்னு காட்டுக்குள்ள இருந்து வர்றதை அடுப்படியில உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பேன். எனக்கு அம்புட்டு எரியும். அத்தான் குடுத்த சாயா தொண்டைக்குள்ள எறங்காது."

தன்னைப் பார்த்தும் ஒருத்திக்கு எரிந்திருக்கிறது என்பது அன்னக்கொடிக்கு விசித்திரமாக இருந்தது. கொஞ்சம் இனிப்பாகக்கூட இருந்தது. ஆனால் இவள் தன்னைக் கணக்குப் போட்டுக் கூட்டி வந்திருக்கிறாள் என்பது உடனே உறுத்தியது. புத்தியிலும் தன்னைவிட ஒரு படி மேலே.

"ஊருல எனக்குக் கொழுப்புன்னு சொல்லுவாகல்ல" என்றாள் வீரலட்சுமி. "தப்பாச் சொல்லல பாருங்க. தட்டு நெறைய எடுத்திருக்காக."

அன்னக்கொடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கிக்கொண்டு, "கஞ்சி ஆறுது, குடி" என்றாள்.

போடிக்குத் திரும்பிய பிறகு அவள் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது என்ன என்று தெரியும். கருப்பம்மாளும் கேட்டாள், கோட்டைச்சாமியும் கேட்டார். "ஆப்பரேசன் பண்ணியிருக்கு, இப்பத் தேவல" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். வீரலட்சுமி ஒரு தடவையாவது நினைவுபடுத்தியிருந்தால், அதைப் பிடித்துக்கொண்டு ஒரு சண்டை போட்டிருக்கலாம். அவள் வாயே திறக்கவில்லை. நிலையைப் பிடித்து நடந்தாள், பிறகு பிடிக்காமல் நடந்தாள். காலை மடக்கிப் பழகினாள். வீக்கம் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைச்சாமி சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு அடுப்படியிலேயே நின்றான்.

"முட்டி வலிக்குதாமே. தம்பி பொண்டாட்டி சொன்னா. எங்கிட்ட நீ சொல்லலையே."

"நீங்க கேட்டீகளா?"

அவன் யோசித்தான். "கேக்கல" என்றான்.

கொஞ்ச நேரம் கழித்து, கல்லுப்பை வாணலியில் வறுத்துத் துணியில் முடிந்து கொண்டுவந்து அவள் முட்டியில் வைத்தான். அடுப்புக்காரன் கைக்கு அது சூடாகத் தெரியவில்லை போலிருக்கிறது. அவளுக்குத் தோல் பொரிந்தது. எடுக்கச் சொல்லாமல் பொறுத்துக்கொண்டாள்.

மாசி பிறந்ததும் காட்டில் காயெடுப்பு ஓய்ந்தது. பெண்கள் போடிக்குள்ளேயே ஏலக்காய் மூட்டைகளை அடுக்கி வைக்கிற கிட்டங்கிகளில் காய் பொறுக்கப் போனார்கள். முறத்தில் காயைப் பரப்பி, பச்சைக் காய் தனி, வெளுத்தது தனி, வெடித்தது தனி என்று பிரிக்கிற சோலி. நாள் முழுக்கச் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். அன்னக்கொடிக்கு அது ஒரு வகை வேதனை. வீரலட்சுமி முதல் நாள் அவளோடு நடந்தே வந்தாள்.

கிட்டங்கியில் வேலை வாங்குகிற மருதாயி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "வாசலோரமா தனியா உக்காந்து பாரு. காத்து வரும்" என்றாள். காற்றுக்காகச் சொல்லவில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்தது.

வீரலட்சுமி முறத்தை எடுத்துக்கொண்டு வாசலோரம் போய் உட்கார்ந்தாள்.

மத்தியானம் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்தார்கள். குழம்பும் தொடுகறியும் கைமாறின. வீரலட்சுமி எழுந்து வட்டத்தின் ஓரத்துக்கு வந்தாள். கருப்பம்மாள் தன் சட்டியை மூடி மடிப்பக்கம் இழுத்துக்கொண்டாள். ஒருத்தி நகர்ந்தாள், அவளைப் பார்த்து இன்னொருத்தி நகர்ந்தாள். வட்டத்தில் ஓர் இடம் காலியானது. வீரலட்சுமி அந்த இடத்தில் உட்காரவில்லை. சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அன்னக்கொடியின் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

திரும்பியிருந்தால் அன்னக்கொடி குனிந்துகொண்டு தன் சோற்றைத் தின்றிருப்பாள். திரும்பாததுதான் தாங்க முடியவில்லை.

அவள் தரையில் கையை ஊன்றினாள். இந்தத் தடவை அட்டையைப் பிடுங்குகிற பாவனை எதுவும் இல்லை. "அப்பா" என்று எல்லாருக்கும் கேட்க முனகிக்கொண்டு எழுந்து, நொண்டி நொண்டிப் போய், வீரலட்சுமியின் கையிலிருந்த சட்டியை வாங்கிக்கொண்டு அந்தக் காலி இடத்தில் உட்கார்ந்தாள்.

"உக்காரு" என்றாள்.

வீரலட்சுமி உட்கார்ந்தாள்.

அன்னக்கொடி சட்டியைத் திறந்தாள். சோற்றின்மேல், வாழையிலைத் துண்டில், ஆட்டு ஈரல் வறுவல். விடிகாலையில் காசிராஜன் கறிக்கடைக்குப் போய் வந்தது இதற்குத்தானா. மிளகு மணத்தது. அவளுக்கு வாயும் ஊறியது, வயிறும் எரிந்தது. அந்தச் சோற்றிலேயே கையை விட்டுப் பிசைந்து ஒரு வாய் தின்றாள். வீரலட்சுமியின் தண்ணீரை எடுத்து வாய் வைத்துக் குடித்தாள்.

"அன்னக்கொடி" என்றாள் கருப்பம்மாள் மெதுவாக.

"என்னத்தா? டி.பி.ன்னு உங்கிட்டச் சொன்னவ நாந்தான. இப்ப நாந்தான் சொல்றேன், டி.பி. இல்ல. முட்டிக்குள்ள வளந்த கொழுப்பு. தட்டுல வச்சுக் காட்டுனாக, கண்ணால பாத்தேன். அன்னிக்கு நான் சொன்னது வயித்தெரிச்சல்ல சொன்னது." இன்னொரு வாய் எடுத்தாள். "போதுமா? சட்டியைத் தெற. உன் குழம்பைக் கொஞ்சம் இங்கிட்டு ஊத்து."

மருதாயி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கருப்பம்மாள் அன்னக்கொடியின் முகத்தைப் பார்த்தாள், வீரலட்சுமியின் காலைப் பார்த்தாள். பிறகு சட்டியைத் திறந்து, கத்தரிக்காய்க் குழம்பை அந்தச் சோற்றில் ஊற்றினாள். நகர்ந்தவள் பழையபடி நெருங்கி உட்கார்ந்தாள்.

வீரலட்சுமி தலையைக் குனிந்திருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, ஈரலு எனக்கும் வைங்க."

"உனக்குத்தான் தெனமும் வருதே" என்றாள் அன்னக்கொடி.

ஒரு துண்டை அவள் பக்கம் தள்ளினாள். மீதியைத் தள்ளவில்லை.